நான் தாண்டிப் படித்த வரி

வெள்ளிக்கிழமை காலைக்குள் கார் ஓடினால் அப்பாவின் பெயர் பட்டியலில் இருக்காது. ஓடாவிட்டால் சயாம் ரயில் வேலைக்கு லாரி ஏற வேண்டும். ஜப்பானிய அதிகாரியோடு வந்த மொழிபெயர்ப்பாளர் மலாய் மொழியில் இதைச் சொல்லி, சின்ன டின் ஒன்றில் பெட்ரோலும் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் தெருவிலிருந்து சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பவில்லை.

கார் அப்பாவின் வெள்ளைக்காரத் தொரையுடையது. இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய பந்தயக் கார். தொரை சாங்கி சிறைக்குப் போகுமுன் அப்பாவிடம் விட்டுப் போயிருந்தார். சிங்கப்பூர் தேக்காவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டகையில், வைக்கோலுக்கு அடியில் அதை மறைத்து வைத்திருந்தோம். யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்பா ஓட்டியதெல்லாம் தொரையின் பெரிய கார். இந்தச் சின்னதை ஞாயிற்றுக்கிழமைகளில் தொரை தானே பிரித்து மாட்டுவார்; அப்பா பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார். எஞ்சினின் உள்விவரமெல்லாம் இருக்கைக்கு அடியில் கிடந்த ஆங்கிலக் கையேட்டில் இருந்தது. அப்பாவுக்குக் கையெழுத்துக்கூடப் போட வராது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான் ஒருத்திதான்.

பெண் என்று சிப்பாய்கள் கண்ணில் படாமலிருக்க முடியை ஒட்ட வெட்டி, முகத்தில் கரி பூசிக்கொண்டு, கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு வரியையும் முதலில் ஆங்கிலத்தில் சத்தமாக, பிறகு தமிழில். "இங்கிலீசு எதுக்கு தாயி, அர்த்தத்த மட்டும் சொல்லு" என்றார் அப்பா. நான் கேட்கவில்லை. யுத்தம் வந்து ஏழாவதோடு என் படிப்பு நின்றிருந்தது. அந்த உச்சரிப்பைக் கேட்க எனக்கே ஆசையாக இருந்தது.

துருப்பிடித்து இறுகிப்போன வால்வுகளைக் கழற்றித் தேய்த்து மாட்டினோம். வால்வின் தலைக்கு மேலே விட வேண்டிய இடைவெளி புத்தகத்தில் இருந்தது. எண்ணைச் சொன்னேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி. அதில் இரண்டு சொற்கள் எனக்குத் தெரியாதவை.

"வேற ஏதும் போட்டிருக்கா?"

"இல்லப்பா."

"இம்புட்டுத்தானா? ரொம்ப ஒட்டின மாதிரி இருக்கே."

"ஏங்க, ஏழாவது வரைக்கும் படிச்ச புள்ள சொல்றா" என்றாள் அம்மா. "அவளுக்குத் தெரியாதா?"

வியாழன் காலை கார் கிளம்பியது. அம்மா கும்பிட்டாள். நாலைந்து நிமிடம் ஓடி எஞ்சின் சூடானதும் கார்புரேட்டர் தும்மியது, கார் குலுங்கி நின்றுவிட்டது. ஆறவிட்டுக் கிளப்பினால் ஓடும், சூடேறினால் நிற்கும். மூன்று முறை பார்த்தோம். டின்னின் அடியில் ஒரு புட்டி அளவுதான் மிஞ்சியது. அப்பா தரையில் உட்கார்ந்து, "என் கைதான் எங்கயோ தப்பு பண்ணிருச்சு" என்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "இன்னொரு வரி இருக்குப்பா. எனக்குப் புரியல. அதான் சொல்லல."

அம்மா என் முதுகில் ஓங்கி வைத்தாள். அப்பா தலை தூக்கவில்லை. "படி."

எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்த இரண்டு சொற்களைக் கேட்டதும் அப்பா எழுந்துவிட்டார். "இதத்தானே தொரை ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சொல்லுவாரு. ஓடி நல்லா சூடு ஏறட்டும்னு அர்த்தம். சூட்டுலதான் அளக்கணும். ஆறிக் கெடக்கையில அளந்தா, சூடானதும் இரும்பு நீண்டு வால்வு மூடாது."

இருந்த பெட்ரோல் முழுவதையும் எஞ்சினைச் சூடாக்கவே எரித்தோம். கொதிக்கும் இரும்பில் அப்பா எட்டு வால்வுக்கும் இடைவெளி வைத்தார். விரல்களில் தோல் உரிந்தது. திரும்பவும் அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார், பிறகு இன்னொரு தடவை. ஓட்டிப் பார்க்க ஒரு சொட்டு இல்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தபோது நான் கொட்டகைப் பரணில் வைக்கோலுக்குள் ஒளிந்து கிடந்தேன். கூடவே கொண்டுவந்த பெட்ரோலை ஊற்றிக் கிளப்பினார்கள். சிப்பாய் ஒருவன் ஓட்டிக்கொண்டு போனான். சிராங்கூன் ரோட்டில் நெடுந்தூரம் போய்த் திரும்பினான். எஞ்சின் நிற்கவில்லை.

அதிகாரி கையேட்டை எடுத்துப் புரட்டினார். பக்கமெல்லாம் புதிய எண்ணெய் விரல் தடங்கள், சிறிய தடங்கள். அவர் ஏதோ கேட்டார். "இதை யார் படித்தது?" என்றார் மொழிபெயர்ப்பாளர் மலாயில். "இந்த வீட்டில் இங்கிலீஷ் படித்தவர் யார்?"

"நான்தான்" என்றார் அப்பா.

"எங்கே, படி."

அப்பா புத்தகத்தை வாங்கினார். வால்வு படம் இருந்த பக்கத்தைத் திருப்பி, முதல் வரியிலிருந்து ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். என் குரல் ஏறிய இடத்தில் அவர் குரல் ஏறியது. நான் திக்கி நின்ற இடத்தில் அவரும் நின்றார். பொடி எழுத்து வரிவரை சொல்லி முடித்துப் புத்தகத்தை மூடினார்.

அதிகாரிக்குத் திருப்தி. மொழிபெயர்ப்பாளர் அம்மாவிடம் சொன்னார்: "சயாமுக்கு இல்லை, பயப்படாதே. புத்தகம் படித்து எஞ்சின் பார்க்கிற ஆள் இவர்கள் படைக்கு வேண்டும். கூட்டிப்போகிறார்கள்."

"எங்கேங்க? எப்ப வருவாரு?"

"படை போகிற இடத்துக்கு. எப்போது என்று எனக்கென்ன தெரியும்?"

அப்பா சட்டை மாட்டிக்கொண்டு, சிப்பாய்க்குப் பக்கத்து இருக்கையில் ஏறினார். பரணை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் பார்த்தால் அவர்களும் பார்ப்பார்கள்.

கார் தெருமுனை திரும்பிய பிறகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான்கு சிலிண்டரும் பிசகாமல் அடித்தன. ஒன்றாவது பிசகட்டும், கார் நின்றுவிடட்டும் என்று வைக்கோலைக் கடித்துக்கொண்டு வேண்டினேன்.