கணுக்காலில் ஈயம்

2006 கோடையில், எனக்குப் பன்னிரண்டு வயதில், விளையாட்டு விடுதிக்கான கால்பந்துத் தேர்வு சிதம்பரத்தில் நடந்தது. அதில் தேறாவிட்டால் இனிப் பந்தைத் தொடக் கூடாது என்பது அப்பாவின் தீர்ப்பு.

பயிற்சிப் பொறுப்பைத் தாய்மாமா தானாகவே ஏற்றுக்கொண்டார். அவர் கடலூர் சிப்காட்டில் ஃபிட்டர்; பந்தை உதைத்தவரல்ல. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் கணுக்காலில் எடை கட்டி ஓடுவதை டிவியில் பார்த்திருந்தார். பழைய ஜீன்ஸில் இரண்டு பட்டைகள் தைத்து, மீன்வலையில் கோக்கும் ஈயக்குண்டுகளை நிரப்பினார். தேர்வன்று அவிழ்த்தால் பறப்பேன் என்றார்.

தேவனாம்பட்டினம் மணலில் தினமும் ஓடினேன். முதல் வாரமே முழங்கால் வலித்தது. சொன்னால் தேர்வுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று மறைத்தேன். ஒருநாள் நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடிப்படி இறங்குவதை அம்மா பார்த்தாள். அன்றுமுதல், வியர்வை நாறுகிறது என்று பட்டைகளைத் தினமும் வாங்கித் துவைக்கத் தொடங்கினாள்.

மூன்றாம் வாரம் வலி போனது. பட்டையும் கனக்கவில்லை. கால் பலப்பட்டுவிட்டதாக மாமாவிடம் பெருமை பேசினேன். இன்னும் குண்டு சேர்க்கலாம் என்றார் அவர். அம்மா சம்மதிக்கவில்லை.

தேர்வன்று மைதான ஓரத்தில்தான் அவிழ்க்க வேண்டும் என்பது மாமாவின் கட்டளை. அம்மாவும் எங்களோடு வந்திருந்தாள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். மாமா குனிந்து ஒரு பட்டையை அவிழ்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். முகம் கறுத்தது. மறுபடி கூப்பிட்டார்கள்.

“அக்கா...” என்றார்.

“புள்ளய கூப்புடுறாங்க தம்பி. அனுப்பு.”

மாமா அவளையே பார்த்தார். நான் ஏதோ தவறு செய்துவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு மற்றதையும் அவிழ்த்து இரண்டையும் பைக்குள் திணித்தார்.

“காலு எப்படி இருக்குது பாப்பா?”

“காத்துல நிக்கிறாப்ல இருக்கு மாமா.”

“அப்புறம் என்னா? பறந்து போ.”

பறந்தேன். தேர்வாகிவிட்டதாகச் சொன்னபோது, எல்லாம் ஈயத்தின் மகிமை என்றே நம்பினேன்.

பட்டையில் துணியை அடைத்துவிட்டு, குண்டுகளை அம்மா கொஞ்சம் கொஞ்சமாக எங்கே சேர்த்தாள் என்பதைப் பல வருடங்கள் கழித்து, எங்கள் வீட்டு ஜன்னல் திரையைத் துவைக்கக் கழற்றியபோதுதான் கண்டேன். அதன் கீழ்மடிப்பு முழுக்க ஈயம். அப்போதுதான் நினைவு வந்தது: நான் விடுதிக்குக் கிளம்பிய அன்று, எப்போதும் படபடக்கும் அந்தத் திரை அசையாமல் தொங்கியது. இந்த வருஷம் கடல்காற்றே இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். ஆமாம் என்றாள்.