அழுது காட்டினால்தான் விமானம் ஏறலாம்

1986 டிசம்பர் விடுமுறை. சாங்கி விமான நிலையத்தில் மெட்ராஸ் விமானத்துக்காக நானும் அம்மாவும் நின்றிருந்தோம். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதுதான் முதல் விமானப் பயணம். கைப்பையில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தேன். அதில் பிஸ்கட்டைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது!

திருச்சியில் என் பெரியம்மா மகள் இருக்கிறாள். பிறவியிலேயே அக்காவுக்குக் காது கேட்காது. அந்த அக்டோபரில்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையின் காலில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு தூங்குகிறாள், குழந்தை காலை உதைத்தால்தான் அவளுக்கு விழிப்பு வருகிறது என்று பெரியம்மா எழுதியிருந்தார். கடிதத்தின் அடுத்த பக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. "காது கேக்காதவகிட்ட பச்சப் பிள்ளைய எப்படி விடுறது?" என்று சொல்லி, பொங்கலுக்குப் பிறகு குழந்தையைத் தன் மூத்த மருமகளிடம் வளரக் கொடுக்கப்போவதாக அக்காவின் மாமியார் முடிவு செய்துவிட்டாராம்.

அன்று சாயங்காலமே சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்கு ஓடினேன். ஒரு மைக், கொஞ்சம் டிரான்சிஸ்டர், பொம்மைக் காரிலிருந்து கழற்றிய ஒரு குட்டி மோட்டார். மோட்டார் அச்சில் ஒரு பக்கமாக ஈயக் கட்டி ஒன்றை ஒட்டினால் அது சுற்றும்போது உதறும். அதை ஒரு சோப்பு டப்பாவுக்குள் வைத்தேன். மற்றதெல்லாம் பிஸ்கட் டின்னுக்குள். இரண்டையும் இணைக்க நீளமாக ஒரு ஒயர். டின் தொட்டில் பக்கத்தில் இருக்கும். சோப்பு டப்பா அக்காவின் தலையணைக்கு அடியில் இருக்கும். குழந்தை அழுதால் டப்பா கடகடவென்று நடுங்கி அவளை எழுப்பிவிடும்.

எங்கள் மாடியில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகையைக் கேட்டுக் கேட்டு அதைச் சரிசெய்தேன். கைதட்டினால் அசையாது. கதவை அறைந்தால் அசையாது. அம்மா திட்டினால்கூட அசையாது. குழந்தை குரலுக்கு மட்டும்தான் அசையும். அதில் எனக்குத் தாங்க முடியாத பெருமை.

"பிஸ்கட் தீர்ற வரைக்கும்கூடப் பொறுக்கலையாடி உனக்கு? டின்ன ஓட்டை போட்டுட்டே!" என்றுதான் அம்மா அதைப் பாராட்டினார்.

கிளம்புவதற்கு முந்தின நாள், சிராங்கூன் சாலையில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் ஒரு விஷயம் சொன்னார். இப்போதெல்லாம் சோதனை கடுமை, கைப்பையில் பேட்டரி இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். நான்தான் புத்திசாலியாயிற்றே! டின்னிலிருந்த ஆறு சின்ன பேட்டரிகளையும் கழற்றி, பெரிய பெட்டியில் அம்மாவின் புடவை மடிப்புக்குள் வைத்தேன். சாங்கியில் முதல் வேலையாக அந்தப் பெட்டியை எடைபோட்டு உள்ளே அனுப்பிவிட்டோம்.

விமானம் ஏறும் வாசலுக்குப் பக்கத்தில்தான் கைப்பைச் சோதனை. எங்களுக்கு முன்னால், கப்பல் பட்டறையில் வேலை முடிந்து ஊர் திரும்பும் அண்ணன் ஒருவர், பெரிய டூ-இன்-ஒன் ரேடியோவைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். சோதனை அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, அம்மா வயது இருக்கும். ரேடியோவைப் போட்டுக் காட்டச் சொன்னார். பாட்டு வந்தது. பிறகு அதிலிருந்த ஆறு பெரிய பேட்டரிகளையும் கழற்றி, மெட்ராஸில் வாங்கிக்கொள்ளும்படி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். ஆக, முதலில் ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் பேட்டரியைக் கழற்ற வேண்டும். நானோ முதலிலேயே கழற்றிவிட்டிருந்தேன்.

என் டின் திறக்கப்பட்டது. அதிகாரியின் முகம் மாறியது.

நான் ஆங்கிலத்தில் மளமளவென்று விளக்க ஆரம்பித்தேன். ஆம்ப்ளிஃபயர், ஃபில்டர், ஒலி வந்தால் டிரிகர் ஆகும் சர்க்யூட். டிரிகர் என்றதும் அவர் ஓரடி பின்னால் போனார். நானோ, சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஆழமாக விளக்கினேன்! வகுப்பில் இப்படிப் பேசினால் மார்க் கிடைக்கும். அங்கே வரிசையில் இருந்தவர்கள்கூட விலகி நின்றார்கள்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆன் பண்ணு."

"பேட்டரி பெரிய பெட்டியில போயிடுச்சு."

"அப்ப முடியாது லா. ஓடாத சாமான உள்ள விட மாட்டோம். இங்கயே வெச்சிட்டுப் போ," என்றார், வாக்கியத்துக்கு வாக்கியம் 'லா' போடும் எங்கள் ஊர் ஆங்கிலத்தில்.

வழியனுப்ப வந்த அப்பா எங்கோ வெளியே. பயணிகளைக் கூப்பிட்டு அறிவிப்பு வந்துவிட்டது. என் கண்ணில் நீர் முட்டியது. கூடவே கோபமும். இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அப்போதுதான் அம்மா என்னை முழங்கையால் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். "நீ வாய மூடு. கொஞ்ச நேரம்."

தேக்கா சந்தையில் மீன் வாங்கப் பேசும் அதே மலாயில் ஆரம்பித்தார். குழந்தையைத் தாலாட்டுவதுபோல் கையை ஆட்டினார். தன் காதைத் தொட்டு இல்லையென்று தலையாட்டினார். குழந்தை அழுகிறது, தாய்க்குக் கேட்காது, இந்தப் பெட்டி தாயை எழுப்பும். அவ்வளவுதான் சொன்னார். மாமியார் குழந்தையைக் கேட்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார் போல. ஏனென்றால் அதிகாரி நாக்கால் உச்சுக்கொட்டி, "மாமியாரா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஆனாலும் விதி விதிதான். "பாவம், புரியுது. ஆனா ஓடணும் லா. ஓடினாத்தான் நான் விட முடியும்."

ரேடியோக்கார அண்ணன் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார். "தங்கச்சி, என் பேட்டரி ஆகுமா பாரு."

ஆகும்! ஆறு பெரியதானாலும் ஆறு சின்னதானாலும் வோல்டேஜ் ஒன்றுதான். ஆனால் என் டின்னுக்குள் அவை நுழையாது. அதிகாரி தானே பையைப் பிரித்து, பேட்டரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுத்தார். அண்ணன் தன் கையிலிருந்த தமிழ்ப் பத்திரிகையில் அவற்றை வரிசையாக வைத்துச் சுருட்டினார். ஒரு முனையில் நான் ஒயரை அழுத்த, மறுமுனையில் அவர் அழுத்தினார்.

"பாத்து தங்கச்சி, இது பாட்டு பாடியே பழகின பேட்டரி," என்றார்.

அதிகாரி கைதட்டினார். ஒன்றும் இல்லை. மேசையைத் தட்டினார். ஒன்றும் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். குழந்தை அழுதால்தான் ஓடும் என்று சொன்னேன், சின்னக் குரலில்.

"அப்ப அழு."

அழுதேன். சற்று முன் கண்ணீரோடு நின்றவளுக்கு அழத்தானா தெரியாது? ஆனால் வாயிலிருந்து வந்தது ஏதோ பூனைச் சத்தம். டப்பா அசையவில்லை. அம்மா முயன்றார். "என்ன எழவுடி செஞ்சு வெச்சிருக்கே, இவ்வளவு கத்துறேன், கேக்கலையா அதுக்கு?" அண்ணன் முயன்றதை எழுதாமல் விடுகிறேன். வரிசையில் குழந்தையோடு ஒரு குடும்பம் இருந்தது. அந்தக் குழந்தை எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அதிகாரி இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்தார். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். டின்னை நோக்கிக் குனிந்தார்.

"ங்ங்ஙே... ங்ங்ங்ஙே..!"

பசியில் வீறிடும் பிள்ளை அப்படியே எதிரில் கிடப்பதுபோல இருந்தது. சோப்பு டப்பா திடுக்கிட்டு நடுங்கி, மேசை விளிம்புவரை நகர்ந்து போனது. அதைப் பாய்ந்து பிடித்தது அவர்தான். பிடித்த கையும் சேர்ந்து நடுங்க, விழுந்து விழுந்து சிரித்தார். வரிசையே சிரித்தது.

"நாலு பெத்தவ நான்," என்றார். டின்னை மூடி என் கையில் கொடுத்தார். பேட்டரிகள் மறுபடி அண்ணனின் பிளாஸ்டிக் பைக்குள் போயின. நாங்கள் மூவரும் ஓடிப்போய் ஏறினோம்.

திருச்சியில் மாமியார் ஒன்றும் உடனே நம்பிவிடவில்லை. மத்தியான நேரங்களில், அக்கா தூங்கும்போது, தொட்டிலைப் பார்த்தபடி நிலைப்படியில் உட்கார்ந்துகொள்வார். குழந்தை முதல் சிணுங்கலைக் கடந்து குரலை உயர்த்தியதும் அவர் எழப் போவார். அவர் புடவையைச் சரிசெய்வதற்குள் அக்கா தொட்டிலருகே நிற்பாள். நான்கு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள், "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. ஆனா இவ எனக்கு முன்னாடி எந்திரிச்சுர்றாளே!" என்று அம்மாவிடம் குறைபோலச் சொன்னார். பொங்கல் வந்தது, போனது. குழந்தை அக்காவிடமே இருந்தது. இப்போது நடக்கிறாளாம்.

நான் அந்தப் பெட்டியைச் செய்தபோது எல்லாச் சத்தத்தையும் யோசித்தேன், அதை முதன்முதலாகப் பார்க்கப்போகும் ஒரு மனுஷியைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. அவர் சந்தேகப்பட்டது அவருடைய வேலை. அதைத் தீர்த்திருக்க வேண்டியது என் வேலை. அதை எனக்காகச் செய்தது அம்மாவின் சந்தை மலாயும், ஒருவர் கழற்றிக் கொடுத்த பேட்டரியும், கூச்சத்தை விட்டு ஓர் அதிகாரி அழுத அழுகையும். இப்போதெல்லாம் எதைச் செய்தாலும், ஒன்றும் தெரியாத ஒருவர் இதைப் பயமில்லாமல் கையில் எடுப்பாரா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் மூடியைப் போடுகிறேன்.