திரைக்கு முன்னால் நின்ற மாசிலாமணி

திண்டிவனத்தில் வக்கீல்களும் ஆபீசர்களும் நடத்திய கிளப்பில் மாசிலாமணிக்கு இரண்டு வேலைகள். தினமும் நாற்காலி துடைப்பது, நாடக நாளில் திரை இழுப்பது. கிளப்பின் பின்கட்டு அறையில்தான் அவரும் மனைவி காசியம்மாளும் குடியிருந்தார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸ் லீவில், கிளப்பார் முந்நூறு வருஷத்துப் பழைய இங்கிலீஷ் நாடகம் ஒன்றைப் போடுவார்கள். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போன பிறகும் இவர்கள் அவன் மாட்டிவிட்ட கோட்டைக் கழற்றுவதாக இல்லை. எந்த வசனத்தில் திரை விழ வேண்டும் என்று தெரிய வேண்டுமே, அதற்காக மாசிலாமணிக்கும் ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். நாற்பது நாள் ஒத்திகையையும் ஓரத்தில் நின்று கேட்டுக் கேட்டு, நடிப்பவர்கள் மறந்த வரிகூட அவருக்கு மனப்பாடம்.

1958இல் பொதுஜனத்தையும் உள்ளே விட்டார்கள். பெருந்தன்மை எல்லாம் ஒன்றுமில்லை, கைதட்ட ஆள் போதவில்லை. மயிலத்திலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்த குடியானவர்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்து திருதிருவென்று விழித்துவிட்டு, இடைவேளையோடு எழுந்து போனார்கள். வாசலில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விற்கும் அஞ்சம்மாள் மட்டும் மாசிலாமணியை விடவில்லை.

“அந்தப் பொண்ணு எதுக்குண்ணா அழுதுக்கினே கீது? ஒரு எழவும் புரியலியே.”

அவளுக்குச் சொன்னதுதான் ஆரம்பம். அடுத்த வருஷம் நாலு மணிக்கே சைக்கிள் ஸ்டாண்டில் கூட்டத்தை உட்கார வைத்து முழுக்கதையையும் சொன்னார். வாயில் நுழையாத பெயர்களை அவர் தொடவே இல்லை.

“செவப்பு அங்கி போட்டவன் கொழுந்தன். சிரிச்சிக்கினே வருவான், நம்பாதீங்க. கடேசில அந்த எளவரசிப் பொண்ணு, வெளிய புருசன்தான் நிக்கிறான்னு கதவத் தொறப்பா. அதோட அவ கத முடிஞ்சிது. கொரலு ஒசந்தா சண்ட. எறங்கிச்சின்னா சூழ்ச்சி. எறங்குறப்ப காத தீட்டிக்கினு கேளுங்க.”

அன்றைக்கு ஒருவரும் இடைவேளையில் எழுந்து போகவில்லை. இளவரசி தாழ்ப்பாளில் கை வைத்ததுதான் தாமதம், அஞ்சம்மாள் பெஞ்சு மேல் ஏறிவிட்டாள். “தொறக்காத தாயி! அவன் உன் புருசன் இல்ல!” பின்வரிசையே சேர்ந்து கத்தியது. முன்வரிசை சோபாக்கள் விழுந்து விழுந்து சிரித்தன. சிவப்பு அங்கிக்குள் இருந்த கிளப் செயலாளர் வக்கீல் வேங்கடேசனுக்கு வசனம் மறந்துபோனது.

“முடிவ முன்னாடியே சொல்லிட்டா நாடகத்துல என்னய்யா இருக்கு?” என்று மறுநாள் குதித்தார் வேங்கடேசன். “இனிமே வாயத் தொறந்தே, வேலையும் கிடையாது, ரூமும் கிடையாது.”

“கூத்துக்குப் போற ஜனம் முடிவு தெரியாமயா சார் போவுது? தெரிஞ்சிதான் குந்திக்கினு அழுவுது.”

சொல்லிவிட்டாரே தவிர, 1960இல் மாசிலாமணி வாயைத் திறக்கவில்லை. குடியிருக்கும் அறை போய்விடுமே என்ற பயம்தான். அந்த வருஷம் இடைவேளைக்குள் பின்பெஞ்சு காலி. அஞ்சம்மாள் அவர் பக்கம் திரும்பாமலே நடந்து போனாள். அவருக்கு அவமானத்தில் சோறு இறங்கவில்லை. காசியம்மாள் தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “ரூமு போனா போவுது. இப்பிடிக் குந்திக்கினு இருக்காத” என்றாள்.

அடுத்த வருஷம் ஆறு மணிக்கு மணியடித்தது. திரை விலகவில்லை. கயிற்றில் தனக்கு மட்டுமே அவிழ்க்கத் தெரிந்த ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு, மாசிலாமணி திரைக்கு முன்னால் வந்து நின்றார்.

“இது அழுவுற நாடகம் இல்ல, சிரிக்கிற நாடகம். பச்சத் தொப்பிக்காரன் மகா கஞ்சன். மூணு எடத்துல பொண்ணு கேக்கப் போவான். மூணுலயும் ஒத வாங்குவான்.”

“மாசிலாமணி! கயித்த இழுய்யா!” திரைக்குப் பின்னாலிருந்து வேங்கடேசன் அலறினார். பச்சைத் தொப்பி அவர் தலையில்தான் இருந்தது.

“பொறுங்க சார், கடேசி அங்கம் பாக்கி கீது.” ஒரு வரி விடாமல் சொல்லி முடித்து, வணக்கம் வைத்துவிட்டுத்தான் முடிச்சை அவிழ்த்தார்.

தொப்பி தெரிந்ததுமே கூரை பறக்கச் சிரித்தது பின்பெஞ்சு. அப்படி ஒரு சிரிப்பை வேங்கடேசன் ஜென்மத்தில் கேட்டதில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் மாசிலாமணியின் சட்டிபானைகள் ரோட்டுக்கு வந்தன. அவர் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கப் போனார்.

அந்தச் சிரிப்பின் ருசியில் கிளப்பார் 1962இலும் அதே நாடகத்தையே போட்டார்கள். கிளப் கேட்டுக்கு எதிரே, ரோட்டோரத்தில், மண்டித் தூசியோடு மாசிலாமணி கதை சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றிலும் இருநூறு பேர். டிக்கெட் வாங்கிய ஒருவரும் இன்னும் உள்ளே போகவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த வேங்கடேசன் தொப்பியோடே இறங்கி வந்தார்.

“மன்னிப்பு கேட்டுக்கோ. வேலைய திருப்பித் தர்றேன்.”

“அப்பறம் பேசலாம் சார், கத பாதியில நிக்குது” என்றார் மாசிலாமணி. “அஞ்சம்மா, கொஞ்சம் நவுந்து சாருக்கு எடம் குடு. ஒத வாங்குற எடம் இப்பதான் வருது.”