கேட்டு வாங்கிய இடம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ரவுண்டர்ஸ் என்று ஓர் ஆட்டம் ஆடினோம். தச்சர் செதுக்கித் தந்த குட்டைத் தடியால் பந்தை அடித்துவிட்டு, நான்கு மூலையிலும் நட்ட கம்பங்களைச் சுற்றி ஓடி வர வேண்டும். பந்து திரும்பி வருவதற்குள் ஓடி முடித்தால் ஒரு புள்ளி. தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு ஓடுவோம். பெரிய பெண்கள் இப்படி ஓடுவதை வேடிக்கை பார்க்கக் கோயம்புத்தூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை என்பதால், சுற்றுச்சுவரை இன்னும் இரண்டு முழம் உயர்த்திக் கட்டினார்கள். முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் நான்காம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, படித்தேன். அணிக்குக் கேப்டன் நான்தான். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த வருஷம் மாசிக் கடைசியில் ஆடுவதென்று, போத்தனூரில் ஆங்கிலோ-இந்திய ரயில்வேக்காரர்களின் பெண்கள் படித்த பள்ளியோடு எங்களுக்குப் போட்டி ஏற்பாடாயிற்று. ஆட்டத்துக்கு ஒன்பது பேர். ஒன்பது பேரை மட்டும்தான் ரயிலில் கூட்டிப்போக முடியும் என்று டிரில் டீச்சர் சொல்லிவிட்டார். நாங்கள் பத்துப் பேர் இருந்தோம்.

“யார் எங்க நிக்கோணும், யாரை விட்டுப்போட்டுப் போகோணும்னு நீயே எழுதிக் கொண்டா, கண்ணு. உனக்குத்தான் எல்லாரையும் நல்லாத் தெரியும்” என்றார் டீச்சர். நல்ல மனுஷி. ஒரு பதினைந்து வயதுக்காரியின் நியாய புத்தியை நம்பியதுதான் அவர் செய்த ஒரே பிழை.

எட்டு இடங்களில் குழப்பமே இல்லை. நான் பந்து போடுவேன். கம்பத்துக்கு ஒருத்தி, அடிப்பவளுக்குப் பின்னால் ஒருத்தி என்று எல்லாருக்கும் இடம் பழகிப் போயிருந்தது. ஒன்பதாவது இடம்தான் பாக்கி. மைதானத்தின் கோடியில், சுவரை ஒட்டி நிற்கிற இடம். தூரத்துக்குப் பறந்து வருகிற பந்தை ஓடிப்போய் எடுத்து, ஒரே எறியில் நான்காவது கம்பத்துக்கு அனுப்ப வேண்டும்.

அந்த இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி என் சிநேகிதி. தினமும் காலையில் அவள் வீட்டுக் குதிரை வண்டி எங்கள் வாசலில் வந்து நிற்கும். இரண்டு பேரும் ஏறி, காலை ஆட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். ஓடுவதற்கு அவள் மான்குட்டிதான். எறிந்தால் பந்து பாதி தூரத்தில் விழுந்து, மீதி தூரம் உருண்டு வரும்.

இன்னொருத்தி மூன்றாம் பாரத்து விடுதிப் பெண். காரமடைக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம். சின்ன வயதிலிருந்து சோளக்காட்டில் கல்லெறிந்து கிளி ஓட்டியவள். சுவரடியிலிருந்து அவள் வீசினால் பந்து தரையைத் தொடாமல் கம்பத்துக்கு வந்து சேரும். அதைப் பிடித்தவளுக்குச் சாப்பாட்டில் கை வைக்கிற வரைக்கும் உள்ளங்கை எரியும். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அவள் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

இன்னொரு காரணமும் இருந்தது. அது பள்ளிக்கூடத்துக்கே தெரியும். தை மாதமே அவள் அப்பா வந்து, மாமன் மகனுக்குப் பேசி முடித்துவிட்டோம், பெண்ணை அனுப்புங்கள் என்று நின்றார். அவளுக்கோ பங்குனி முதல் வாரத்தில் எட்டாம் வகுப்புப் பரீட்சை. அதில் தேறினால் டீச்சர் டிரெயினிங்கில் சேரலாம் என்று ஆசை. பரீட்சையைச் சொன்னால் அவர் மசியமாட்டார் என்று கண்டுகொண்ட தலைமை ஆசிரியை, போட்டியைச் சொன்னார். உங்கள் மகள் இல்லாவிட்டால் எங்களால் ஆட முடியாது என்றார். மனிதருக்கு முகமெல்லாம் மாறிவிட்டது.

“ஏனுங்கம்மா, நெசமாலுமே எம்புள்ளய ரயில்ல கூட்டிப்போறீங்களா? தொரைமாரு புள்ளைங்களோட வெளயாடுறதுக்குங்களா?”

அப்படியானால் போட்டி முடிகிற வரை இருக்கட்டும் என்று ஊருக்குத் திரும்பினார். போட்டிக்கும் பரீட்சைக்கும் நடுவில் ஆறே நாள். அந்த ஆறு நாளை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்பது தலைமை ஆசிரியையின் கணக்கு. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

சிநேகிதி மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் வண்டியில் ஏறும்போது, “என்னைய விட்டுப்போட்டின்னா நாளைக்கு இருந்து நீ நடந்தே வந்துக்கோ” என்றாள். இவ்வளவுதான். இதற்குப் பெரிய காரணம் ஏதாவது சொல்லலாம் என்று எத்தனையோ வருஷம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. வெயிலில் ஒன்றரை மைல் நடக்க வேண்டுமே என்று பயந்தேன்.

ஆனாலும் விடுதிப் பெண்ணின் பெயரை நானாக அடிக்க எனக்குத் துணிவு வரவில்லை. கெட்ட பெயர் வாங்கவும் மனமில்லை. அதனால் சாயங்காலம் அணிப் பெண்கள் எல்லாரும் கூடியிருக்கும்போது, ரொம்பப் பாசமாக அவள் தோளில் கை போட்டேன்.

“ஏன் கண்ணு, இந்த ஒருக்கா அவளுக்கு விட்டுக்குடுத்தரயா? அவ ரொம்ப ஆசப்படறா. உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?”

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைத் தெரிந்தவர்களுக்கு இதில் இருக்கிற சூது புரியும். பெரியவர்கள் வாய்விட்டுக் கேட்டதற்கு முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல எங்கள் வீடுகளில் பழக்கியதில்லை. ஒரு வயது மூத்தவளும் பெரியவள்தான். அவள் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த பந்தை ஒரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

“அதுக்கென்னங்க அக்கா” என்றாள்.

பட்டியலைக் கொடுத்ததும் டீச்சருக்கு ஆச்சரியம். அவளைக் கூப்பிட்டு, “நீயாவே சொல்றியா?” என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாங்க டீச்சர் என்று இரண்டு தடவையும் சொன்னாள். டீச்சர் தன் நோட்டில் அவள் பெயருக்கு நேரே, தானாக விலகிக்கொண்டாள் என்று எழுதினார். நான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.

போட்டிக்கு முந்தின நாள் அவள் அப்பா வந்தார். தோளில் ஒரு மூட்டை. வறுத்த நிலக்கடலை. “புள்ளைங்க ரயில்ல தின்னுட்டே போகட்டுமுங்க” என்று விடுதி வராந்தாவில் இறக்கி வைத்தார். எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். அப்போதுதான் டீச்சர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

அவர் மகளைப் பார்த்தார். “உன்னய வேண்டாம்னுட்டாங்களா, அம்மணி?”

“இல்லீங்கப்பா. நானேதான் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்.”

அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த மனிதர்; துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்பறம் இங்க என்ன சாமி வேல? பொட்டிய எடு” என்றார். தலைமை ஆசிரியை பரீட்சையைச் சொல்லிப் பார்த்தார். எங்க ஊட்டுல சோத்துக்குப் பஞ்சமில்லீங்கம்மா என்று கும்பிட்டுவிட்டு நடந்தார். நான் தூணுக்குப் பக்கத்தில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் நின்றேன். நான்தான் கேட்டேன், அவளாகச் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. கடலை மூட்டையை அவர் திரும்ப எடுத்துப் போகவில்லை. மறுநாள் ரயிலில் அதைப் பிரித்துத் தின்றோம். நானும் தின்றேன்.

ஆட்டத்தில் தோற்றோம். சுவரடிக்குப் பந்து மூன்று முறை போயிற்று. மூன்று முறையும் பாதி தூரத்தில் விழுந்து உருண்டு வந்தது. சிநேகிதியை நான் திட்டவில்லை. அடுத்த வாரம் பங்குனி பிறந்து பரீட்சை நடந்தபோது, மூன்றாம் பாரத்து அறையில் மூன்று பேர் உட்காரும் ஒரு பெஞ்சில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து எழுதினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றைக்கும் வீட்டுக்குக் குதிரை வண்டியில்தான் போனேன்.

நான்கு வருஷம் கழித்து, போத்தனூர் ரயில் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒன்று. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நான் அடையாளம் தெரியாமல் நிற்க, அவள்தான் வந்து, “ஏனுங்க அக்கா” என்று கூப்பிட்டாள். “இவங்கதான் அம்மாவோட கேப்டன்” என்று பெரிய பையனிடம் சொன்னாள்.

“அம்மா ஊட்டுக்குப் போய்ட்டு வாரப்பெல்லாம் இங்கதானுங்க வண்டி மாறுவோம். அன்னிக்கு எந்தப் பக்கம் வெளயாடுனீங்கன்னு பாத்துட்டே நிப்பனுங்க. யாருகிட்டக் கேக்கறதுன்னு தெரியல” என்றாள்.

கிழக்கே, ரயில்வே வீடுகளுக்குப் பின்னால் என்று கை காட்டினேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நான் செய்தது பாவம் என்றேன். வண்டிக்கு ஆசைப்பட்டுத்தான் அப்படிக் கேட்டேன் என்றேன். அழுதுவிட்டேன்.

“எனக்கு அப்பவே தெரியுமுங்க அக்கா” என்றாள்.

“அப்பறம் ஏன் கண்ணு மாட்டேன்னு சொல்லல?”

“நீங்க கேட்டுப்போட்டீங்களே. கேட்டா எப்படிங்க மாட்டேங்கறது? கேக்காமப் பேரை அடிச்சிருந்தீங்கன்னா, டீச்சருகிட்டப் போயி அழுதிருப்பனுங்க.”

பொள்ளாச்சி வண்டி வந்து நின்றது. பையனை முதலில் ஏற்றிவிட்டாள். இடுப்புக் குழந்தையை என்னிடம் நீட்டி, “கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா அக்கா?” என்று கேட்டாள். வாங்கிக்கொண்டேன்.