எதிரெதிர் வீட்டுப் பதில்கள்

காரைக்காலில் அந்தத் தெருவுக்குள் நான் முதல்முதலாக நுழைந்தபோது ஒரு பெண்மணி ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தார். "போங்க! செடியைத் தின்னாதீங்க! போங்கன்னு சொல்றேன்ல!" வாசல்களில் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர்தான் சைகோன் அக்கா. சைகோனிலேயே பிறந்த வியட்நாம் பெண். அங்கே வேலை பார்த்த நம்மூர்க் கத்தோலிக்கர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, யுத்தம் முடிந்த கையோடு அவருடன் காரைக்காலுக்கு வந்துவிட்டவர். யார் மனமும் கோணக் கூடாதென்று கணவர் மரியாதைத் தமிழை மட்டுமே சொல்லிக் கொடுத்திருந்தார். ஆட்டுக்கும் அதே தமிழ்தான்.

எழுபதுகளின் கடைசியில் நான் சென்னையில் உளவியல் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் கோட்டுச்சேரி. சைகோனிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே எப்படி ஒன்றுகின்றன, அக்கம்பக்கத்தார் அவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. வந்தவர்களுக்கு ஒரு கேள்வித்தாள், அண்டை வீட்டாருக்கு இன்னொன்று. ஒருவர் சொன்னது மற்றவர் காதுக்குப் போகக் கூடாது, போனால் அந்தத் தாள்களைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்குக் கிடைத்த குடும்பங்களோ ஏற்கெனவே குறைவு.

"பக்கத்து வீடுகள்ல சாப்பிட்டிருக்கீங்களா அக்கா?" என்று கேட்டேன். தாளில் இருந்த கேள்விதான். அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி, "யாரும் கூப்பிடலைங்க. நான் பேசினா சிரிக்கிறாங்க. அதான் வீட்டுக்குள்ளயே இருந்துக்கறேன்," என்றார். அப்படி இருந்தே மூன்று வருஷம் போயிருந்தது.

அன்று மத்தியானமே எதிர்வீட்டு அத்தையிடம் போனேன். அவர் நெடுங்காட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். சைகோன்காரர் வீட்டில் சாப்பிடுவீர்களா என்று கேட்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "கூப்பிட்டா போகமாட்டேனா? ஆட்டைக்கூட வாங்க போங்கன்னு பேசுற மனுஷி! கேக்கவே ஆசையா இருக்கும், அதான் சிரிக்கிறோம். பெரிய பட்டணத்துல இருந்தவங்க, நம்ம வீட்டுக் குழம்பு எறங்குமோ என்னமோன்னுதான் கூப்பிடாம இருக்கேன்."

இரண்டு தாள்களையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கோட்டுச்சேரி வரைக்கும் அந்தப் பை என் மடியில் கனத்தது. இருவர் மனதில் இருப்பதும் எனக்குத் தெரிந்திருந்தது, அவர்களுக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் காலையில் நேராக அத்தையிடம் போனேன். "நேத்து சொன்னதை எதிர்வீட்டுல சொல்லலாமா அத்தை?"

"இதுல என்னடி ரகசியம்? தாராளமாச் சொல்லு."

சொன்னேன். அக்கா என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். 'ஆசையா' என்ற சொல்லை மட்டும் மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு, "நான் சொன்னதையும் போய்ச் சொல்லிடுங்க," என்றார். அதைக் கேட்ட அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்து ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் விருந்து. மெல்லிய அரிசித் தாளில் இறாலையும் கீரையையும் சுருட்டிப் பொரித்து வைத்திருந்தார். அத்தை ஒரு சட்டி மீன்குழம்போடு வந்தார். சுருளைப் பிட்டு உள்ளே உற்றுப் பார்த்து, "தவளை கிவளை இல்லியே?" என்றார்.

"இல்லைங்க, உங்க ஊர் இறால்தாங்க!"

"அதென்ன உங்க ஊரு? நம்ம ஊருன்னு சொல்லு."

அக்கா சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். அத்தை ஏழு சுருள் தின்றார்.

அந்த இரண்டு தாள்களையும் நானே குறுக்குக் கோடு போட்டு அடித்தேன். அடுத்த வருஷம் வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன். ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு, "இப்ப அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"சண்டை சார். போன வாரம் மீன்காரம்மா கூடையில கடைசியா இருந்த வாவல் மீனுக்குத் தெருவே கூடற மாதிரி சண்டை. அக்கா விட்டுக்கொடுக்கவே இல்ல. மத்தியானம் ரெண்டு வீட்லயும் அந்த மீன்தான் குழம்பு."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் எத்தனையோ ஆய்வு முடிவுகளை எத்தனையோ அரங்குகளில் படித்தாயிற்று. ஆனால் அன்று அவரிடம் சொன்ன மாதிரி அவ்வளவு சந்தோஷமாக ஒரு முடிவை நான் இதுவரை சொன்னதில்லை.