முரலும் இடக்கை

துறைமுக அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவன் நான். இராயபுரத்தில் எங்கள் பங்கு ஆலயப் பாடகர் குழுவுக்கு இருபது ஆண்டுகள் தலைவனாகவும் இருந்தேன். சுருதி பிசகினால் என் முகத்தைப் பார்த்தே பாட்டை நிறுத்திவிடுவார்கள்.

ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் காலணி கழலவில்லை. பாதங்கள் அவ்வளவு வீங்கியிருந்தன. சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன என்றார் மருத்துவர். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்திகரித்தல்). அதற்கான ஊசிகளைக் குத்த இடக்கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் அறுவை) செய்தார்கள். தொட்டால் வண்டு முரல்வதுபோல் அதிரும். அதிர்வு நின்றால் உடனே வரவேண்டும் என்றார்கள். இதே ஊசிக்குக் காத்திருப்போரிடம் மறைக்காமல் சொல்கிறேன்: முதல் மாதம் அந்தக் கையை நான் பார்க்கவே மறுத்தேன்.

திருவொற்றியூரில் நான் செல்லும் மையத்தில், உணவு இடைவேளையில் செவிலியர் நால்வர் பக்கத்து அறையில் காலி கேன்களைத் தட்டிக் கானா பாடுவார்கள். தாளம் உண்டு, சுருதி இல்லை. சுருதியில்லாத இந்தப் பாட்டு நோயாளிகளின் அருகில் தகாது என்று மைய அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே பாட்டு நின்றது.

இரண்டு வாரம் கழிந்தது. எப்போதும் ஒரே குத்தில் நாளம் பிடிக்கும் செவிலியர் சாந்தி மூன்று முறை தவறினார்.

“கை ஒதறிக்கினே கீது சார்.”

“உடல்நலமில்லையா?”

“நல்லாத்தான் கீறேன். எதுத்த கட்டில் அண்ணன் போன வாரம் செத்துப் பூட்டாருல்ல? முன்னெல்லாம் கேனைத் தட்டிக்கினு நாலு பாட்டு பாடுவோம், பாரம் எறங்கிரும். இப்போ அப்டியே வூட்டுக்குத் தூக்கினு போறேன். புள்ளைங்க மேல எரிஞ்சி வுழறேன்.”

புகார் எழுதியவர் யார் என்பது அவருக்குத் தெரியும். நான்காம் குத்தில் நாளத்தைப் பிடித்தார்.

அன்றே வலக்கையால், புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதினேன். அதற்குமுன் நான் எழுதிய எதையும் திரும்பப் பெற்றதில்லை.

அடுத்த முறை சாந்தி சிரித்தபடி வந்தார். “இன்னா சார், வாபஸாமே? ஆபீஸ்ல ஒத்துக்கினாங்க. ஆனா சுருதி இல்லன்னு மறுபடி எழுதிக் குடுப்பியே, நைனா!”

என்னை அதுவரை எவரும் நைனா என்றதில்லை. ஸ்டெதாஸ்கோப்பை என் இடக்கையில் வைத்துக் கேட்டார். “அடியே, இங்க வாங்கடி! சுருதி இங்கியே கீது!”

மற்ற மூவரும் வரிசையாக வந்து கேட்டார்கள். கதவைத் திறந்தே வைத்து, அந்தச் சுருதியில் தொடங்கினார்கள். பாதியில் பிசகியது. நான் முகத்தை மாற்றவில்லை.

இப்போது காலையில் எழுந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. இடக்கையைக் காதோடு சேர்க்கிறேன். முரல்கிறது. அன்றைய நாள் எனக்கு உண்டு.

நோயாளிகளின் ஆறுதலுக்காகச் செவிலியர் பாடுகிறார்கள் என்று மையத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அது சரியன்று. அவர்கள் தங்களுக்காகவே பாடுகிறார்கள்.