சந்தனம் வைத்த மடிக்கணினி

ஆயுத பூஜையன்று மாலை ஆறரை மணிக்கு என் மனைவி தன் மடிக்கணினியைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தாள். பக்கத்தில் அவளுடைய தொழிற்சாலை அடையாள அட்டை, காய் நறுக்கும் கத்தி, என் சிவப்புப் பேனாக்கள் இரண்டு. கணினி மூடியின் விளிம்பில் மூன்று இடங்களில் மோதிர விரலால் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டாள். மறுநாள் காலை படைத்து எடுக்கும் வரை எதையும் தொடக்கூடாது. டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியில் எல்லாத் தமிழ் வீடுகளிலும் அப்படித்தான். கீழே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்கள்கூட அன்று மாலையோடு நின்றன.

நான் தொட்டேன். அவள் கீழ்வீட்டுக்குச் சுண்டல் கொடுக்கப் போயிருந்தாள். புதிய பதிப்புக்கு மாறச் சொல்லி அந்தக் கணினி ஒரு மாதமாக அறிவிப்புக் காட்டிக்கொண்டிருந்தது. பரீட்சை முடியட்டும் என்று அவள் தள்ளிப் போட்டு வந்தாள். எப்படியும் பன்னிரண்டு மணி நேரம் சும்மாதான் இருக்கப் போகிறது, அந்த நேரத்தில் மாறிக்கொள்ளட்டும் என்று நான் நினைத்தேன். சீரியல் விளக்குக்குப் பக்கத்துத் துளையில் சார்ஜரைச் செருகி, மூடியைத் தூக்கி, சம்மதம் கொடுத்தேன். சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. மூடியை முழுவதும் சாத்தாமல், பட்டுத்துணியைப் போர்த்தினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அவளுக்குப் பரீட்சை. மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையின் சரக்குப் பிரிவில் பத்தொன்பது வருடமாக எழுத்தராக இருக்கிறாள். அங்கே கணக்கு முறையை மாற்றிவிட்டார்கள். ஆறு எழுத்தர்களில் மூன்று பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். வீட்டிலிருந்தே, கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். பரீட்சை நிரல் அந்த ஒரு கணினியில்தான் பதிவாகியிருந்தது. கைப்பேசி செல்லாது. நேரத்துக்கு வராவிட்டால் எழுதாததாகவே கொள்வார்கள். நான் திருத்தம் பார்த்துவந்த பத்திரிகை முந்தைய வருடம் நின்றுபோனது. வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் மட்டும்.

காலை ஏழு பத்துக்கு, கற்பூரம் காட்டிவிட்டு, அவள் கணினியை மேசைக்கு எடுத்து வந்து திறந்தாள். திரை வேறு மாதிரி இருந்தது. அவள் திரையின் மேல் ஓரத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

"என்னமோ மாறியிருக்கு," என்றாள்.

"ராத்திரி தானா போட்டுக்கிச்சு போல," என்றேன்.

வலது கீழ்மூலையில் வைஃபையின் விசிறிக் குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன உருண்டையும் அதன்மேல் தடைக்குறியும் இருந்தன. இணைய லைன் இல்லை என்றாள். அவள் குரலில் எந்த மாற்றமும் இல்லை.

ரௌட்டரை அணைத்துப் போட்டேன். என் கைப்பேசியில் லைன் வந்தது, கணினியில் வரவில்லை. விமானப் பயன்முறையைப் பார்த்தேன், அணைந்துதான் இருந்தது. கணினியை இரண்டு முறை அணைத்துத் திறந்தேன். அமைப்புகளுக்குள் போனால் வைஃபை என்ற வரியே இல்லை. உறுப்புகளின் பட்டியலிலும் வைஃபை அட்டை இல்லை. பழுதானது என்றுகூடக் காட்டவில்லை. அப்படி ஒன்று அந்தக் கணினியில் எப்போதுமே இருந்ததில்லை என்பதுபோல் இருந்தது. கைப்பேசியில் தேடினால், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த அட்டையை இயக்கும் புதிய டிரைவர் நிரலை இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். இறக்குவதற்கு லைன் வேண்டும். கைப்பேசியைக் கம்பியால் இணைத்து லைன் கொடுக்கலாம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். வீட்டில் கிடந்த மூன்று கம்பிகளும் சார்ஜ் மட்டும் ஏற்றின.

எட்டரை ஆயிற்று. அவள் தலைவாரி, வேலைக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் தொட்டது அவளுக்குத் தெரியுமா என்று அவள் முகத்தையே பார்த்தேன். முப்பது வருடம் எழுத்துப் பிழை கண்டுபிடித்த கண். அந்த முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

கீழ்வீட்டு அக்கா பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் டெக்னீசியன். இரவு ஷிப்ட் முடிந்து அப்போதுதான் படுத்திருந்தார். கதவை நான்கு முறை தட்டினேன்.

"அண்ணே, நேத்துச் சுண்டலே இன்னும் இருக்கு லா. தூங்க விடுங்க."

விஷயத்தைச் சொன்னதும் கைலியோடே மேலே வந்தார். பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்டேட் போட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சோபாவிலிருந்து என் மனைவி, "ராத்திரி தானா போட்டுக்கிச்சு போல, அக்கா," என்றாள். நான் சொன்ன வாக்கியம், ஒரு சொல் மாறாமல். குறிப்பிலிருந்து அவள் தலையைத் தூக்கவில்லை.

"கார்டு ரோசாக் ஆகல, கெட்டுப் போகல," என்றார் அக்கா. "பழைய நெனப்புலயே மாட்டிக்கிட்டு நிக்குது. நீங்க ஷட்டவுன் போட்டா இது நிசமா அணையாது அண்ணே, அரைத் தூக்கம்தான். எங்க ஃபேக்டரி லைன்ல மெசின் பேசலன்னா கரண்ட மொத்தமா எடுத்துட்டுத்தான் திரும்ப விடுவோம்."

ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே அணைக்கச் சொன்னார். சார்ஜரைப் பிடுங்கச் சொன்னார். பிறகு மின்விசையை அறுபது எண்ணும்வரை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். இருபதில் நான் விட்டுவிட்டதால் அவரே பிடித்துக்கொண்டார். உடனே திறக்கக் கை போனபோது தட்டிவிட்டார்.

"பத்து நிமிஷம் கெடக்கட்டும். நேத்துதான் பூஜ வச்சீங்க, அன்னிக்கும் அது ஓய்வா இல்ல."

ஒன்பது இருபத்திரண்டு முதல் ஒன்பது முப்பத்திரண்டு வரை மூவரும் ஒரு மூடிய கணினியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திறந்ததும் அணைக்க வேண்டாம், வேலை நடக்கிறது என்றது திரை. பன்னிரண்டு விழுக்காடு. முப்பதில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அவளை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தின் வாசகம் எனக்குள் தலைப்பு முதல் கையெழுத்து வரை ஓடியது. ஒன்பது நாற்பத்தேழுக்கு வலது கீழ்மூலையில் விசிறி வந்தது.

அவள் கணினியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் ரௌட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அதன் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து, நாற்பது கேள்வியில் இரண்டை விட்டதாகச் சொன்னாள். முடிவு இரண்டு வாரத்தில் வரும்.

அன்று மதியம் கணினியை எடுத்து வைக்கும்போதுதான் பார்த்தேன். திரையின் மேல் ஓரத்தில், கேமராவை ஒட்டினாற்போல், காய்ந்த சந்தனத்தில் ஒரு பெருவிரல் ரேகை. வளையங்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. ஏழு பத்துக்கு அவள் பார்த்த இடம் அதுதான். பரீட்சை முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

துடைத்தால் ஒப்புக்கொண்டதாகும். துடைக்கவில்லை. அவளும் துடைக்கவில்லை. இரண்டு வாரமும் அந்த மஞ்சள் ரேகை எங்கள் வீட்டில் இருந்தது. இரவில் அவள் கணினியைத் திறக்கும்போதெல்லாம் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

பதினைந்தாம் நாள் மின்னஞ்சல் வந்தது. நான் சமையலறை வாசலில் நின்றேன். அவள் ஒரு முறை படித்தாள், பிறகு நாளைக்கும் தொழிற்சாலைப் பேருந்தை வழக்கமான நேரத்துக்கே பிடிக்க வேண்டும், சட்டையைத் தேய்க்க வேண்டும் என்றாள். நான் போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்தேன். அவள் ஈரத்துணியை எடுத்து வந்து திரையின் மேல் ஓரத்தைத் துடைத்தாள்.

"அடுத்த வருஷம் பேனாவோட உங்க கையையும் சாமி முன்னாடி வச்சிடுங்க," என்றாள். "ஒரு நாளாச்சும் சும்மா கெடக்கட்டும்."